நிறமும் நீதியும்

ஒழுக்கம் பற்றிய கேள்விகள் பெரிய மேடைகளில்தான் எழும் என்றோர் எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. போர், பஞ்சம், ஆட்சியுரிமை, கூலி ஆகியவற்றைப் பேசும்போது நாம் நீதியை நினைக்கிறோம். ஒரு சிறு தொழிலாளி தன் மேசைமீது குனிந்திருக்கையில் அவன் கையிலும் நீதி தங்கியிருக்கிறது என்பதை நினைப்பதில்லை. அத்தகைய சிறு தொழில் ஒன்றையே இங்கு ஆராய விரும்புகிறோம். கணினி விளையாட்டுகளில் நடமாடும் மனித உருவங்களின் தலைக்கும் உடலுக்கும் தோல்நிறத்தைப் பொருத்துகின்ற வேலை அது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் பெண் பார்க்கும் திண்ணை முதல் வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகம் வரை மனிதரை நிறத்தால் எடைபோட்டு வந்த ஒரு சமுதாயத்தில், நிறத்தைக் கையாளும் எந்தத் தொழிலும் அற்பமானதாக இருக்க இயலாது.

முதலில் வேலையின் தன்மையை அறிந்துகொள்வோம். விளையாட்டில் நாம் காணும் மனித உரு உள்ளீடற்ற ஒரு கூடு. அதன்மேல் தட்டையான படம் ஒன்று தோலைப் போலப் போர்த்தப்படுகிறது. இதனைத் தொழிலாளர் டெக்ஸ்சர் என்பர். பெரும்பாலும் தலைக்கு ஒரு படம், உடலுக்கு வேறொரு படம். ஒருவர் வரைந்த தலையை இன்னொருவர் வரைந்த உடலோடு சேர்க்கும்போது கழுத்தைச் சுற்றி ஒரு கோடு விழும். தலை ஒரு நிறமாகவும் உடல் வேறு நிறமாகவும் நிற்கும். அந்தக் கோட்டை அழிப்பதே வேலை. 1990இல் வெளிவந்த போட்டோஷாப் இதற்குப் பயன்படுகிறது. விலை கொடுக்க இயலாதவர்களுக்கு, 1996 முதல் இலவசமாகக் கிடைத்து வரும் கிம்ப் இருக்கிறது. எனவே திருகோணமலைத் துறைமுகத்தின் அருகே பழைய கணினி ஒன்றை வைத்திருக்கும் இளைஞனும் இந்த வேலையைச் செய்யலாம். நியூயோர்க்கில் இருப்பவனும் செய்யலாம். கருவி இருவருக்கும் பொதுவாகிவிட்டது. அளவுகோலும் அவ்வாறே பொதுவாகிவிட்டதா என்பதுதான் கேள்வி.

நிறம் பொருத்துவதற்கு 2001ஆம் ஆண்டில் எரிக் ரைன்ஹார்ட் முதலிய ஆய்வாளர்கள் ஒரு வழியை வெளியிட்டனர். அது மிகவும் எளியது, ஆகவே புகழ்பெற்றது. ஒரு படத்திலுள்ள நிறங்களின் சராசரியையும், அச்சராசரியிலிருந்து அவை எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதையும் கணக்கிட வேண்டும். மற்றப் படத்திற்கும் அவ்வாறே கணக்கிட வேண்டும். பின்பு இரண்டாவது படத்திலிருந்து அதன் சொந்தச் சராசரியைக் கழித்து, அதன் பரப்பை முதற்படத்தின் பரப்பிற்கேற்பச் சுருக்கியோ விரித்தோ, முதற்படத்தின் சராசரியை அதன்மேல் ஏற்ற வேண்டும். முடிந்தது. இரண்டு படங்களும் ஒரே நிறத்தினவாகத் தோன்றும்.

இந்தக் கணக்கில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அதனைச் சற்று உற்று நோக்குவோம். இங்கே இரண்டு படங்கள் சமநிலையில் சந்திக்கவில்லை. ஒன்று கொடுக்கிறது, மற்றது தன்னுடையதை இழந்து, கொடுக்கப்பட்டதை ஏற்கிறது. அளவாக நிற்கும் படத்தில் ஓர் அணுவும் மாறுவதில்லை. மாற்றப்படுவது எப்போதும் மற்றதுதான். எது அளவு, எது அளக்கப்படுவது என்பதைக் கணக்கு சொல்வதில்லை. அதைச் சொல்பவன் மனிதன். எந்தப் படத்தை முதலில் திறக்கிறான், எதை மூலம் என்று குறிக்கிறான் என்ற ஒரு கணநேரத் தேர்வில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. அதன்பின் நடப்பவை யாவும் கூட்டலும் கழித்தலுமே.

சிலர் கூறலாம்: "இயந்திரத்திற்குச் சாதி ஏது? இனம் ஏது? அது எண்களை அறியுமேயன்றி நிறபேதத்தை அறியாது." இந்த வாதம் புதியதன்று. நிழற்படச் சுருள் இருந்த காலத்திலும் இதுவே சொல்லப்பட்டது. அமெரிக்காவின் கோடக் நிறுவனம் வண்ணப்படங்களை அச்சிடும் கூடங்களுக்கு ஓர் அளவுப் படத்தை அனுப்பி வந்தது. வெள்ளைநிறப் பெண்ணொருத்தியின் படம் அது. ஷெர்லி அட்டை என்று தொழிலாளர்கள் அதற்குப் பெயரிட்டனர். அவளுடைய முகம் அழகாக வரும்வரை அச்சுப் பொறியைத் திருத்த வேண்டும். அதன்பின் உலகத்தார் எல்லோருடைய முகங்களும் அந்தத் திருத்தத்தின்படியே அச்சாகும். கறுத்த குழந்தையும் வெளுத்த குழந்தையும் ஒரே வகுப்பில் அமர்ந்து எடுத்த படத்தில் வெளுத்த குழந்தைக்கு மூக்கும் கன்னமும் இருந்தன. கறுத்த குழந்தைக்குக் கண்களும் பற்களும் மட்டுமே இருந்தன. அச்சுப் பொறிக்கு நிறபேதம் தெரியாது என்பது உண்மை. அதற்குத் தெரிந்திருந்ததெல்லாம் ஷெர்லியைத்தான். பிற்காலத்தில் மரத்தளபாடம் செய்வோரும் சாக்லேட் செய்வோரும், தங்கள் சரக்கின் கபில நிறங்கள் சரியாக வரவில்லையென்று முறையிட்டது சுருளின் திருத்தத்திற்கு ஒரு காரணமாயிற்று என்பர். பல இனப் பெண்களைக் கொண்ட அளவுப் படம் 1990களில்தான் வந்தது. மனிதத் தோலின் முறையீட்டைவிட மேசையின் முறையீடு விரைவில் செவியில் ஏறியது என்பதை எண்ணிப் பாருங்கள்!

போலராய்ட் நிறுவனத்தின் கதை இதனினும் கொடியது. அதன் அடையாளப்படக் கருவி தென்னாபிரிக்காவில் கறுப்பின மக்கள் சுமந்து திரிய வேண்டியிருந்த அனுமதிப் புத்தகங்களுக்குப் படமெடுக்கப் பயன்பட்டது. 1970இல் அந்நிறுவனத்தின் கறுப்பினத் தொழிலாளர்களாகிய கரோலைன் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் இதனை அறிந்து, சக தொழிலாளர்களைத் திரட்டிப் போராடினர். ஏழாண்டுகளின் பின், 1977இல், நிறுவனம் தென்னாபிரிக்காவை விட்டு விலகியது. கருவி குற்றமற்றது என்று சொல்லி அவர்கள் தங்கள் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு வாளாவிருந்திருக்கலாம். அவ்வாறு இருக்கவில்லை. தொழில்நுட்பத்தின் ஒழுக்கம் என்பதைத் தத்துவ நூல்களிற் படிப்பதற்கு முன் இந்த இருவரின் வாழ்விற் படிக்கலாம்.

இன்றைய கணினியும் இந்தப் பரம்பரையில் வந்ததே. 2018இல் ஜோய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் மூன்று நிறுவனங்களின் முகம் அறியும் நிரல்களைச் சோதித்தனர். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதில், வெளுத்த நிறமுடைய ஆண்களிடத்து மிக மோசமான நிரலும் நூற்றுக்கு 0.8 அளவே பிழைத்தது. கருநிறப் பெண்களிடத்து அப்பிழை நூற்றுக்கு 34.7 வரை உயர்ந்தது. 2020இல் கணினி வரைகலை அறிஞர் தியோடர் கிம் இன்னொன்றைச் சுட்டிக் காட்டினார். தோலை வரைவதற்கான ஆய்வுகள், ஒளி தோலுக்குள் ஊடுருவிச் சிதறி வெளிவரும் இயல்பையே பெரிதும் ஆராய்ந்தன. அந்த ஒளிர்வு இளமையான வெண்தோலில் மிகுதியாகக் காணப்படுவது. அதனையே ஆராய்ந்துவிட்டுத் "தோல்" என்று பொதுப்பெயர் சூட்டினர். ஒரு கூட்டத்தாரின் தோலை மனிதத் தோல் என்று அழைத்தபின், ஏனையோரின் தோல் விதிவிலக்காகிவிடுகிறது.

இங்கே தொழில்நுட்பம் நமக்கு ஓர் உண்மையைக் கற்பிக்கிறது. புதிதாகத் தொழில் பழகுவோர் வெளுத்த தோலின் படத்தை எடுத்து, அதன் வெளிச்சத்தைக் குறைத்து, கறுத்த மனிதனை ஆக்கிவிட முயல்வதுண்டு. கிடைப்பது மனிதனன்று; சாம்பல் பூசிய பொம்மை. ஏன்? தோலின் கருமைக்குக் காரணமான மெலனின் எல்லா நிற ஒளியையும் ஒரே அளவாக விழுங்குவதில்லை. நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் விழுங்குகிறது. ஆகவே கருந்தோலின் ஆழத்தில் ஒரு செம்மையும் வெதுமையும் இருக்கின்றன. அதன்மேல் விழும் வெளிச்சத்தின் பளபளப்பு வெண்தோலில் தெரிவதைவிடக் கூர்மையாகத் தெரிகிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் வேறு நிறமாக நிற்கின்றன. இவையெல்லாம் வெளிச்சத்தைக் குறைப்பதால் வருவன அல்ல. கருமை என்பது வெண்மையின் பற்றாக்குறை என்று எண்ணியவன் தொழிலிலேயே தோற்றுவிடுகிறான். தவறான தத்துவம் தவறான படத்தைத் தருகிறது.

இப்போது திருகோணமலைக்கு வருவோம். இந்தத் துறைமுகத்தைப் பிடிக்க உலகத்து நிறங்களெல்லாம் வந்து மோதியிருக்கின்றன. 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். பின்பு ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் பிரித்தானியர் பிடித்து, பிற்பாடு அதற்குப் பிரெட்ரிக் கோட்டை என்று பெயரிட்டனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1957இலேயே பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்தது. வந்தவர்கள் தனியாக வரவில்லை. ஆபிரிக்கக் கரைகளிலிருந்து அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் கொண்டுவரப்பட்ட காப்பிரியரின் வழித்தோன்றல்கள் இலங்கையில் வாழ்கின்றனர். மலாய்ப் போர்வீரர் வந்தனர். பறங்கியர் இந்நகரிலேயே குடிகொண்டனர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், கரையோர வேடர் ஆகியோரோடு சேர்ந்து இக்கரையில் வாழும் மக்களின் தோலை ஒரு சராசரி நிறத்தில் அடக்க முயல்வோமானால், கிடைக்கும் நிறம் இங்குள்ள எவருக்கும் உரியதாக இராது.

அது மட்டுமன்று. ஒரே மனிதனின் உடலும் இங்கே ஒரே நிறமன்று. கிழக்கே கடலிலிருந்து எழும் கதிரவனை நோக்கி நின்று கரைவலை இழுப்பவரின் முகமும் புறங்கையும் வெயிலிற் கறுத்திருக்கின்றன. சட்டைக்குள்ளிருக்கும் மார்பு அவ்வாறில்லை. குச்சவெளிப் பக்கத்து உப்பளத்தில் உழைப்போருக்கு வெயில் மேலிருந்தும் விழுகிறது, உப்பிற் பட்டுக் கீழிருந்தும் எழுகிறது. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரின் பிடரிக்கும் முதுகுக்கும் இடையே சட்டைக் கழுத்து வரைந்த எல்லை நிலைத்துவிட்டது. படம் பொருத்துபவன் பிழையென்று அழிக்க முயலும் அந்தக் கழுத்துக் கோடு, உழைப்பாளியின் உடலில் உண்மையிலேயே இருக்கிறது! அது வரைபவனின் கவனக்குறைவால் வந்ததன்று; அவர் வெயிலில் நின்ற ஆண்டுகளின் கணக்கு அது. தலையும் உடலும் ஒரே நிறமாய் இருக்கவேண்டும் என்பது நிழலில் வாழ்வோரின் உடலைக்கண்டு செய்த விதி.

இதனாலேயே நிறத்தின் கேள்வி, வெறும் இனத்தின் கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. வர்க்கத்தின் கேள்வியாகவும் இருக்கிறது. வெயில் படாத தோல் வேலை செய்யத் தேவையற்றவரின் தோல். அதை அழகு என்று கொண்டாடுவோர், அறிந்தோ அறியாமலோ, ஓய்வைக் கொண்டாடுகின்றனர். உழைப்பைக் கறையென்று துடைக்கின்றனர்.

தமிழர் என்றும் இவ்வாறே எண்ணினர் என்று கூறுவதற்கில்லை. சங்கப் பாடல்களிலே தலைவியின் நிறத்தைப் போற்றும் சொல் மாமை. மாந்தளிரின் நிறம் போன்ற கருஞ்செம்மை அது. அவளை வருத்துவது பசலை; பிரிவினால் மேனி வெளிறிப் போகின்ற நோய். அக்காலத் தலைவி வெளுத்துப் போவதற்கு அஞ்சினாள். முல்லை நிலத்துத் தெய்வத்திற்கு மாயோன், அதாவது கரியவன், என்று பெயரிட்டனர். கோணேசர் ஆலயம் உட்பட நம் கோயில்களின் கருவறைக் கருங்கல்லைக் கண்டு எவரும் முகஞ்சுளித்ததில்லை. அதே தெய்வங்கள் அச்சுப் படங்களாகவும் நாட்காட்டிகளாகவும் வீட்டுச் சுவருக்கு வந்தபோது மாத்திரம் ரோஜா நிறம் பெற்றன. வெளுத்த நிறத்தைச் "சிவப்பு" என்று மங்கலமாகவும், கறுப்பைக் "கறுப்பென்றாலும் களையான முகம்" என்று சமாதானம் சொல்லியும் பேசப் பழகினோம். அந்த "என்றாலும்" என்ற ஒரு சொல்லில் எத்தனை பெண்களின் கண்ணீர் தேங்கியிருக்கிறது!

வணிகம் இந்தக் கண்ணீரைக் கண்டுகொண்டது. 1975இல் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி என்னும் பூச்சு விற்பனைக்கு வந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் அப்பெயரோடு விற்றபின், 2020இல் உலகெங்கும் எழுந்த கறுப்பின உரிமைக் குரலை அடுத்து, குளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியது. வேறு சில வெண்மைப் பூச்சுகளிற் பாதரசம் கலக்கப்படுகிறது. அது மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது, சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இப்பூச்சுகளும் தடைப்பட்டியலில் இடம்பெற வேண்டியதாயிற்று. படத்தில் நிறத்தை மாற்றுவது உயிரைக் கொல்லாது என்று சொல்லலாம். ஆனால் படத்தில் மாற்றப்பட்ட நிறத்தைக் கண்டுதானே பெண் தன் முகத்தில் நஞ்சைப் பூசுகிறாள்?

நிழற்படக் கூடங்களில் இந்த முரண்பாடு வெளிப்படையாகவே நிகழ்கிறது. கடவுச்சீட்டுப் படத்தில் தோலின் இயல்பான நிறம் தெரியவேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் நெறி. அதே கூடத்தில், அதே பெண்ணை, அதே விளக்கின் கீழ் எடுத்த கலியாணப் பேச்சுக்கான படத்தில் இயல்பான நிறம் தெரியலாகாது என்பது ஊரின் நெறி. எல்லைக் காவலனுக்கு அவள் யார் என்று தெரியவேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கு அது தெரியக்கூடாதாம்!

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதத்திற்கு விடை கூறவேண்டும். "கலையில் நிறத்தை மாற்றவே கூடாதா? கூத்தன் முகத்தில் அரிதாரம் பூசுவதில்லையா? விளையாடுபவன் தனக்கு இல்லாத ஓர் உருவை எடுத்துக்கொள்வது அவன் உரிமையல்லவா?" உரிமைதான். கூத்தனின் அரிதாரத்தை நாம் குறை சொல்லவில்லை. அது தன்னைப் பூச்சு என்று அறிவித்துக்கொண்டே வருகிறது. கூத்து முடிந்து முகம் கழுவியபின் தெரியும் கரிய முகத்தை அது இழிவு செய்வதில்லை. நாம் எதிர்ப்பது வேறொன்றை. மாற்றிவிட்டு, மாற்றியது தெரியாமல் மறைத்து, மாற்றப்பட்டதே சரியானது, முன்பிருந்தது பிழை என்று சொல்லும் பூச்சை எதிர்க்கிறோம். முன்னது ஒப்பனை, பின்னது ஒரு மனிதனைத் திருத்த வேண்டிய பிழையாகக் கருதுவது.

இன்னொருவர் கேட்பார்: "அப்படியானால் வெளுத்த தலையைக் கறுத்த உடலுக்கு ஒப்பாக்கிவிடுவோமா?" அதுவும் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டதே ஆகும். ஆளும் நிறத்தை மாற்றிவிட்டால் ஆளப்படும் நிறம் விடுதலை பெற்றுவிடாது. இரண்டிற்கும் நடுவே ஒரு மாநிறத்தைத் தேர்வதும் தீர்வன்று. நடுநிலை என்பது எப்போதும் நடுவிலே இருப்பதில்லை. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இந்தக் கழுத்து யாருடையது? கொட்டியாரக் குடாவில் தோணி விடும் மனிதனை வரைகிறோம் என்றால், தலைப்படமும் உடற்படமும் இரண்டுமே அவனுக்கு ஒப்பாகவேண்டும். ஒன்றுக்கொன்று ஒப்பாவது அதன் பின்னரே. அளவுகோல் படத்திற்குள் இல்லை. படத்திற்கு வெளியே, கரையில், வெயிலில் நிற்கிறது.

தொழிலும் இதற்கு வழிகாட்டுகிறது. தேர்ந்தவர்கள் இரண்டு படங்களை ஒப்பிடுமுன் அவற்றில் உறைந்துள்ள ஒளியைப் பிரித்தெடுக்கின்றனர். விளக்கின் கீழ் எடுத்த தலையையும் நண்பகலில் எடுத்த உடலையும் அப்படியே ஒப்பிட்டால், தோலை ஒப்பிடுவதாக எண்ணி விளக்கையும் வெயிலையும் ஒப்பிட்டவராவோம். சராசரி எடுக்கும்போது கண், உதடு, மயிர் ஆகியவற்றை விலக்கித் தோலை மட்டும் எடுக்கவேண்டும். இல்லையேல் மயிரின் கருமை தோலின் கணக்கில் ஏறிவிடும். மனிதரை ஒப்பிடும் போதும் இதையே செய்யவேண்டாமா? ஒருவர் நின்ற ஒளி எது, மற்றவர் நின்ற நிழல் எது என்று பிரித்தறியாமல் அவர்களுடைய தகுதியை அளந்துவிடுகிறோமே!

இந்தப் பழியைக் கூலிக்கு வேலை செய்யும் இளைஞனின் தலையில் மட்டும் சுமத்துவது அநீதி. "இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கு" என்று வாடிக்கையாளர் சொன்னால் மறுக்கும் வலிமை அவனுக்கு எப்போதும் இராது. வீட்டில் அடுப்பு எரியவேண்டும். அளவுப் படத்தைத் தேர்ந்த நிறுவனமும், விளம்பரத்திற்குப் பணம் கொடுத்த முதலாளியும், பெண்ணின் படத்தைக் கையில் வாங்கியதும் நிறத்தையே முதலிற் பார்க்கும் நம் குடும்பங்களும் பழியில் பெரும்பங்கு பெறவேண்டும். ஆயினும் அவன் கையில் மிஞ்சியிருக்கும் சிறு பங்கு பொய்யன்று. எதை மூலமாகக் குறிப்பது என்று எவரும் கட்டளையிடாத வேளைகளும் வருகின்றன. அவ்வேளைகளில் பழக்கம் அவனுக்காகத் தேர்ந்துவிடாமல் அவனே தேர்வது அவன் சுதந்திரம்.

அவ்வாறு தேர்ந்தவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் பரத்வாஜ் சுந்தரும் நிழற்படக் கலைஞர் நரேஷ் நீலும் கருநிறத்தாரையே தெய்வங்களாக நிறுத்திப் படமெடுத்து, நாட்காட்டித் தெய்வங்களின் ரோஜா நிறத்திற்கு மறுமொழி கூறினர். 2023இல் கனடாவிலிருந்து வெளிவந்த வெண்பா என்னும் விளையாட்டு, புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை அதன் சமையலோடும் அதன் நிறத்தோடும் காட்டியது. மறுவருடம் பிரித்தானியாவின் பாஃப்டா விருதையும் பெற்றது. வெளுப்பாக்கினால்தான் விற்கும் என்ற வாதத்திற்கு அதனினும் எளிய மறுப்பு வேறில்லை.

வாசகர்களே, நாளை நம் பிள்ளைகள் ஒரு விளையாட்டைத் திறப்பார்கள். அங்கே ஒரு மீனவன் தோணியைத் தள்ளிக்கொண்டு வருவான். அவன் பிடரி கறுத்தும் தோள் வெளிறியும் இருந்தால், அதனைப் பிழையென்று அவர்கள் எண்ணவேண்டாம். வெயில் எங்கே விழுந்தது, சட்டை எங்கே மறைத்தது என்று கேட்கட்டும். வரைந்தவன் ஒரு மனிதனைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறான் என்பதை அவர்கள் அறிந்துகொள்வார்கள்.